செம்பருத்தி டீயும் பிபி மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூரிலும் புதுச்சேரியிலும் காலை நடை முடித்ததும் மூலிகை டீ குடிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். சர்க்கரை போட்ட பால் டீ ஒரு வேளை குறைந்தாலே லாபம். ஆனால் ‘பிபிக்கு செம்பருத்தி, சுகருக்கு ஆவாரம்பூ’ என்று யாரோ சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

செம்பருத்தியைப் பற்றிய பேச்சு முழுப் பொய்யல்ல. 2010-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 65 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர் ஆறு வாரம், தினம் மூன்று வேளை, வேளைக்கு 240 மி.லி. செம்பருத்தி டீ குடித்தார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. அதே போன்ற நிறமும் சுவையும் உள்ள போலி பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான் இறங்கியது. ஆய்வில் இருந்த இரு பிரிவினருமே பிபி மாத்திரை சாப்பிடாதவர்கள், லேசான அழுத்தம் உள்ளவர்கள். அதோடு அந்தச் செடி நம் வாசலில் பூக்கும் செம்பருத்தியும் அல்ல. புளிச்சக்கீரை இனம் அது. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும் புல்லி இதழைத்தான் காயவைத்து டீ போடுகிறார்கள். வித்தியாசம் காண்பது சுலபம்: புளிச்சை இதழைக் கொதிநீரில் போட்டதும் தண்ணீர் ரத்தச் சிவப்பாகும், தானே புளிக்கும். வாசல் செம்பருத்தி ஊதா கலந்த நிறம் தரும், எலுமிச்சை பிழிந்தால்தான் சிவக்கும், புளிப்பு இருக்காது. இதைக் குடிப்பதில் தவறில்லை. அந்த ஆய்வின் பலனை இதற்கு ஏற்றிச் சொல்வதுதான் தவறு.

போடும் முறையிலும் கோளாறு நடக்கிறது. துளசி, புதினா, கற்பூரவல்லி போன்ற வாசனை இலைகளைக் கொதிக்க விடக் கூடாது. அடுப்பை அணைத்து, 200 மி.லி. நீருக்கு உலர்ந்த இலை ஒரு டீஸ்பூன் போட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். வீடு முழுக்க மணக்கிறது என்றால் எண்ணெய்ச் சத்து ஆவியோடு போய்விட்டது என்று அர்த்தம். சுக்கு, அதிமதுரம் போன்ற கெட்டிச் சரக்குகள் இதற்கு நேர்மாறு. நசுக்கிப் போட்டு, சிறு தீயில் பத்து, பதினைந்து நிமிடம் கொதித்தால்தான் சாறு இறங்கும். சுக்குக்குப் புறத்தோலில் நஞ்சு என்பது பழைய சொல். சுண்ணாம்பு பூசி விற்பதும் உண்டு என்பதால் மேல்தோலைச் சுரண்டிவிடுவதே நல்லது. சுக்குமல்லிக்கு மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, மிளகு கால் பங்கு போதும். புளிப்புள்ள எதையும் அலுமினியப் பாத்திரத்தில் போட வேண்டாம். பனங்கருப்பட்டியும் சர்க்கரைதான், சுகர்காரர்கள் ஏமாற வேண்டாம்.

நம் கடலோரக் காற்றில் இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆவாரம்பூ பாக்கெட்டைத் திறந்து வைத்தால் சில நாளிலேயே பூ துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை படரும். அதைத் தட்டி உதறிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, கொட்டிவிட வேண்டும். பூஞ்சை நஞ்சு கொதிப்பில் அழியாது. கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும், வளைந்தால் வாங்காதீர்கள். மாலை கட்ட விற்கும் துளசியும் வேண்டாம், எந்த மருந்து தெளித்தது என்று யாருக்குத் தெரியும்?

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் குறையும், பிபி ஏறும். இதயநோய் உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைத் தொடவே வேண்டாம். தொண்டைக்கு இதம் என்று பல கலவைகளில் அது இருப்பதால் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். ‘எடை குறைக்கும் டீ’ சிலவற்றில் இருப்பது நிலாவரை என்ற பேதி மூலிகை. பேதியாகி நீர் போவதால் தராசு முள் இறங்குகிறது, கொழுப்பு அப்படியே இருக்கிறது. சுகர் மாத்திரையோடு ஆவாரம்பூவும் தினம் குடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, சுகர் அளவு பார்த்துக்கொண்டே குடிக்கட்டும். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு எந்த டீயும் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகள் சமையலில் சேரும் இஞ்சி, சீரகம் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் ஆகாது.

மூலிகை டீ விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைய கலவையில் என்னென்ன சரக்கு என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ‘16 மூலிகை’ என்று எண்ணிக்கை மட்டும் போட்டால், அதிமதுரம் ஆகாதவர் எதைப் பார்த்து ஒதுங்குவார்? பொடி பாக்கெட்டுகளில் சரக்கின் பெயரும், வேரா இலையா என்பதும், தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மழைக்காலத்துக்கு முன்பே ஒரு சுற்று பார்க்க வேண்டும்.

– சித்த மருந்தாளுநர் (ஓய்வு),
மஞ்சக்குப்பம், கடலூர்.