விமானப் பயண நேரம் காட்டும் தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று காட்டும் இணையதளங்களையும் செயலிகளையும் நடத்துகிறவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் தரும் தூரத்தில் எனக்குக் குறையில்லை. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். சரிதான். ஆனால் உங்களில் சிலர் அந்தத் தூரத்தை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, அரை மணியைத் தொட்டாற்போல ஒரு நேரத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடுகிறீர்கள். அதை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பலாலிக்கு ஓடுவது ஏடிஆர் 72, விசிறி வைத்த விமானம். நடுவானில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதைவிடக் குறைவு. ஓடுபாதை வரை உருண்டு போவதும் வரிசையில் நிற்பதும் தனி. விமான நிறுவனங்களின் அட்டவணையைப் பாருங்கள், ஒன்றேகால் மணிக்குக் குறையாது. தூரம் குறையக் குறைய இந்தப் பிழை பெரிதாகிறது.

இதை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பலாலி பன்னாட்டு விமான நிலையமானது 2019 அக்டோபரில். அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. அதற்கு முன்பெல்லாம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே போகவேண்டும். இப்போது லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் சென்னை வழியாக ஊருக்குப் போகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு டிக்கெட் பார்க்கிற பிள்ளைகள் உங்கள் எண்ணை நம்பி, திரும்பும்போது சென்னையில் எந்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கே முக்கால் மணி நேரம் பிசகினால் அடுத்த விமானத்துக்கான கவுண்டர் மூடிவிடும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பணமும் போச்சு. சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவோடு அந்த இரவை எங்கே கழிப்பது?

நீண்ட தூரத்திலும் வகுத்தல் கணக்கு நிற்காது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணியாக நீண்டது. இரு நகரங்களும் இடம் மாறவில்லை, நேர்க்கோட்டுத் தூரமும் மாறவில்லை. அப்புறம் காற்று. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போவதைவிடத் திரும்பி வருவதற்கு ஒரு மணிக்கு மேல் கூடுதலாகும். நீங்களோ இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தைக் காட்டுகிறீர்கள்.

கால அட்டவணைகள் ரகசியமல்ல. அவற்றிலிருந்து போக ஒரு நேரம், வர ஒரு நேரம் எடுத்துப் போடுங்கள், எந்த வகை விமானம் என்பதையும் சேர்த்து. நேரடி விமானமே இல்லாத ஊர்களுக்கு முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். இதெல்லாம் முடியாதென்றால், ‘இது வானில் பறக்கும் நேரத்தின் தோராயம் மட்டுமே’ என்று எண்ணுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தளங்களை அடிக்கடி பார்க்கும் ஒரு பயணி