நம்பர் போட்ட பட்டனையும் கொஞ்சம் கணக்குல எடுங்க

இங்கிலாந்துல போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் (பொதுமக்கள் கண்டெடுக்குற பழைய பொருளைப் பதிவு பண்ற திட்டம்) நடத்துற பெரியவங்களுக்கு வணக்கம்.

கென்ட் பக்கம் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிட்டு வயக்காட்டுல திரியுற கூட்டத்துல நானும் ஒருத்தன். தமிழ்ல எழுதுறேன், இந்தப் பைத்தியம் புடிச்ச நம்மாளுங்களும் படிக்கட்டும்னுதான். 1997ல இருந்து நீங்க பண்றது பெரிய வேலை, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா பொதுவா 1700க்கு முந்துன பொருள்னா எழுதிக்கிறீங்க, பிந்துனதுன்னா பொறுக்கித்தான் எடுக்குறீங்க. பிரிட்டிஷ் காலாட்படை பட்டன்ல ரெஜிமென்ட் நம்பர் போடணும்னு உத்தரவு வந்ததே 1767ல, அப்புறம் எப்படிங்க அதெல்லாம் உங்க 1700ங்கற கோட்டைத் தாண்டி உள்ள வரும்?

102ன்னு போட்ட பட்டன் ஒண்ணு கிடைக்குதுன்னு வைங்க. அந்த நம்பர் ஒண்ணுக்கு மேற்பட்ட படைக்கு இருந்துச்சு, அதுல ரெண்டைச் சொல்றேன். நெப்போலியன் காலத்துல ஆஸ்திரேலியாவுல இருந்த நியூ சவுத் வேல்ஸ் கோர் கொஞ்ச வருஷம் 102ஆ இருந்துச்சு, அப்புறம் 1862ல நம்ம மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனி கையில இருந்து ராணி படைக்கு மாறுனப்ப அவங்களுக்கு அதே நம்பர். சிப்பாய் பட்டன் 1855 வரைக்கும் வெள்ளீயக் கலவை, அதுக்கப்புறம் பித்தளை. அதனால சாம்பக் கலர்ல பொரிஞ்சு போய் வந்தா அது மெட்ராஸ்காரன் பட்டன் இல்ல, பச்சை பூத்த பித்தளைன்னா இருக்கலாம். அதுவும் 1871ல சிப்பாய்ங்களுக்கெல்லாம் அரச சின்னம் போட்ட ஒரே பட்டன்னு ஆக்கிட்டதால அதுக்கு முந்துன சில வருஷத்துக்குள்ளதான். ஆபீசர் பட்டன் கதை வேற, அது முலாம் பூசுனது, பின்னாடி இருக்கற, பட்டன் செஞ்ச கம்பெனி பேரைப் பாக்கணும், அந்தப் பேரைத்தான் நம்மாளுங்க பிரஷ் போட்டுத் தேய்ச்சு முலாமோட சேத்து காலி பண்றாங்க (தயவுசெஞ்சு வேணாம்பா, தண்ணில மண்ணு போனா போதும்).

இடம்தான் இதைவிட முக்கியம். பழைய கம்பளித் துணியைக் கிழிச்சு வயலுக்கு உரமாப் போட்ட ஊரு இது, யூனிஃபார்ம் கந்தலோட பட்டனும் சேந்து வந்திருக்கும், அதனால ஒத்த பட்டன் கிடைச்ச உடனே இங்க படை முகாம் இருந்துச்சுன்னு குதிக்க முடியாது. ஒரே ரெஜிமென்ட் பட்டன் பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு வந்தா வேற விஷயம். ஆனா அந்த நாலஞ்சும் நாலு பேர் வீட்டு பிஸ்கட் டப்பாவுல தனித்தனியா கிடந்தா யாருக்குத் தெரியும்?

முழு ரெக்கார்டு கேக்கல. நம்பர், உலோகம், முன்பின் ரெண்டு போட்டோ, ஜிபிஎஸ்ல எடுத்த இடம், இவ்ளோதான். உங்க ஆபீசருங்களுக்கு ஏற்கனவே வேலை தலைக்கு மேல கிடக்குன்னு தெரியும், அதனால டைப் பண்ற வேலையை எங்ககிட்ட விடுங்க, நீங்க சரி பாத்தா போதும்.