லைட்டருக்குப் பதில் ஒரு தொட்டி தண்ணீர் கொடுங்கள்

பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும், குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காக்களைக் கவனித்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

பழைய பிளாஸ்டிக்கை வாங்கி அரைத்து விற்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் பூங்காக்களில் தரம் பிரித்துக் கட்டும் மூட்டைகள்தான் எங்களுக்குச் சரக்கு.

போன மாதம் ஒரு பூங்காவுக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். அங்கே ஒரு அக்கா உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, லைட்டரால் ஓரத்தைக் கொளுத்தி, ஊதி அணைத்து, மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். மெழுகுவர்த்தி வாசம் வந்தால் ஒரு மூட்டை, காரமாக நெடியடித்தால் வேறு மூட்டை. இருமிக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தார். பைப்பு செய்யும் பி.வி.சி. பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு வரும், ஈரத்தில் பட்டதும் அது அமிலமாகிவிடும். மூக்கும் தொண்டையும் எப்போதும் ஈரம்தானே! நானும் இப்படித்தான் தொழில் கற்றேன். இனிமேல் யாரும் இப்படிக் கற்க வேண்டாம்.

அந்த வேலையில் பெரும்பகுதியைத் தண்ணீரே செய்துவிடும். ஒரு குடிநீர் பாட்டிலை எடுத்து மூடியோடும் கழுத்து வளையத்தோடும் துண்டு துண்டாக வெட்டி வாளியில் போடுங்கள். மூடியும் வளையமும் மேலே வந்துவிடும், பாட்டில் துண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தண்ணீரின் அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) 1. அதைவிடக் குறைந்தது மிதக்கும், கூடியது மூழ்கும். மூடி செய்யும் பாலிப்ரொப்பிலீன் சுமார் 0.9, பாலித்தீன் வகைகள் 0.91 முதல் 0.96 வரை, பாட்டில் செய்யும் பெட் 1.38. பிளாஸ்டிக் வகையைக் காட்ட முக்கோணத்துக்குள் போடும் எண் உடைந்த துண்டில் பெரும்பாலும் இருக்காது. அடர்த்தி எவ்வளவு சின்னத் துண்டிலும் மாறாது.

மூழ்கியதை மேலும் பிரிக்க உப்பு போதும். விதைநெல்லில் பதர் நீக்க, முட்டை மிதக்கும் வரை தண்ணீரில் உப்புக் கரைப்பார்கள் இல்லையா, அதே கரைசல்தான். பத்து லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ கல்லுப்பு போட்டால் பேனா உடல், சீப்பு போன்ற பாலிஸ்டைரீன் சாமான்கள் (சுமார் 1.05) மிதக்கும். பெட், பி.வி.சி. இரண்டும் அடியிலேயே கிடக்கும்.

அந்த இரண்டையும் தண்ணீரால் பிரிக்க முடியாது, இதை மறைக்க விரும்பவில்லை. பாட்டில் சில்லோடு பி.வி.சி. லேபிள் கொஞ்சம் கலந்து போனதால் என் லோடு ஒன்று அப்படியே திரும்பி வந்திருக்கிறது. பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் பி.வி.சி. கருகிக் கரும்புள்ளியாகிவிடும். ஆகவே லேபிளை முதலிலேயே கையால் உரித்துவிட வேண்டும். பைப்புத் துண்டுகளும் ஆரம்பத்திலேயே தனியாகப் போக வேண்டும்.

கண்ணை ஏமாற்றுகிறவையும் உண்டு. தெர்மாகோல் பாலிஸ்டைரீன்தான், உள்ளே காற்று இருப்பதால் மிதக்கிறது. சுண்ணாம்புத் தூள் கலந்து செய்த மலிவான நாற்காலி பாலிப்ரொப்பிலீனாக இருந்தாலும் மூழ்கலாம். மெல்லிய கவரில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் மூழ்க வேண்டியதும் மிதக்கும். அதற்கு ஒரு சொட்டு சோப்பு விட்டு, துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கித் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

ஒரு வேண்டுகோள். தொட்டித் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பொடி இருக்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அதே தண்ணீரைப் பல நாள் வைத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் உங்கள் உரக்குழிப் பக்கம் போகவே கூடாது.

இதற்கு டெண்டர் எதுவும் வேண்டாம். 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை நீளவாக்கில் வெட்டினால் இரண்டு தொட்டி. ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். அப்புறம் நீளக் கைப்பிடி வைத்த இரண்டு சல்லடை, ஒரு ஜோடி ரப்பர் கையுறை. கலந்த மூட்டைக்கு எங்களால் குறைந்த விலைதான் தர முடிகிறது. தனித்தனியாக வந்தால் கூடுதலாகத் தருவோம், அந்தக் கூடுதல் பிரித்தவர்கள் கைக்கே போக நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

டிரம்மை நானே வெட்டிக் கொண்டுவருகிறேன். அக்காக்கள் வேலைக்கு வரும் காலை நேரத்தில் ஒரு நாள் சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் செய்து காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் அரவைப் பட்டறைக்காரன்