வான்கோழிக் குஞ்சுகளைப் பொரித்த அன்றே வாங்கிச் செல்லுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸுக்கு வளர்க்க ஓசூர், ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து பலர் குஞ்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இந்த முறை ஒரு மாற்றம். குஞ்சு பொரித்த அன்று மாலைக்குள் அல்சூர் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாதவர்களின் குஞ்சுகளுக்கு நாங்களே தீனியும் தண்ணீரும் பழக்கி மறுநாள் தருகிறோம். இனி எந்தக் குஞ்சும் வெறும் வயிற்றோடு பெட்டியில் இரவைக் கழிக்காது.

“வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, இரண்டு மூன்று நாள் தாங்கும்” என்று நாங்களே உங்களிடம் சொல்லியிருக்கிறோம். உயிர் தாங்கும்; தசை தாங்காது. 28 நாள் முட்டைக்குள் இருந்த குஞ்சு, ஓட்டை உடைத்து வெளிவரும் பாட்டில் ஈரலில் சேர்த்த சர்க்கரைச் சத்தைப் பெரும்பாலும் செலவழித்துவிடுகிறது. மஞ்சள் கருவில் கொழுப்பும் புரதமும்தான் அதிகம். மாவுச்சத்து மிகக் குறைவு. தீனி கிடைக்கும்வரை தன் நெஞ்சுத் தசையையே கரைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது.

நெஞ்சில் எத்தனை தசை இழைகள் என்பது முட்டைக்குள்ளேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். பிறகு அந்த இழைகள் தடிப்பதுதான் வளர்ச்சி. இழைகளை ஒட்டிக் கிடக்கும் சாட்டிலைட் செல்கள் பெருகி, இழையோடு கலந்து, தங்கள் உட்கருவை அதற்குக் கொடுக்கின்றன. உட்கரு கூடக் கூட இழை தடிக்கும். இந்தப் பெருக்கம் மும்முரமாக நடப்பது முதல் வாரத்தில். அப்போது கிடந்த பட்டினியைப் பின்னால் எவ்வளவு தீவனம் கொட்டியும் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. சென்ற ஆண்டு ஒருவர், அறுத்த பறவையின் நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி நின்றதாக வருத்தப்பட்டார். அவருக்குக் கொடுத்தவை ஒன்றரை நாள் பெட்டியில் கிடந்த குஞ்சுகள். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; ஆனாலும் எங்கள் மனம் ஆறவில்லை.

வான்கோழிக் குஞ்சு, கோழிக்குஞ்சைப்போல் சட்டென்று தீனி பொறுக்காது. நிறைந்த தட்டின் அருகிலேயே பட்டினியால் செத்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தில் இரண்டு வண்ணக் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். பளபளப்பைக் கொத்த வரும் அலகு நனையும்; குஞ்சு தலையை உயர்த்தி முதல் மிடறை விழுங்கும். பச்சை நிறம் அதற்குப் பிடிக்கும் என்பதால் கீரையைப் பொடியாக அரிந்து தீவனத்தின்மேல் தூவுங்கள். முதல் 15 நாள், லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், 10 குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை. தீவனத்தில் 28 சதவீதம் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனம் போதாது. புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு) முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மழை இரவில் சூடு குறைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும், தீனிப்பக்கமே போகாது.

முதல் நாள் இரவு ஒவ்வொரு குஞ்சின் கழுத்தடியிலும், தின்றது முதலில் தங்கும் தீனிப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று உப்பியிருந்தால் தின்றிருக்கிறது. தட்டையாக இருந்தால் தனியே எடுத்து, அலகைப் பாலில் தோய்த்துக் காட்டுங்கள். அப்படியும் குடிக்காவிட்டால் எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
கடையினர், அல்சூர், பெங்களூரு