சாயத்தொட்டி நீரில் சோதித்துப் பாருங்கள்: குமரி மாவட்டக் கல்லூரி வேதியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

நாகர்கோவில் வடசேரியில் கைத்தறி நூலுக்குச் சாயம் தோய்க்கும் குடும்பத்தில் பிறந்து, வேதியியலில் பட்டம் பெற்று, மறுபடியும் அதே தொட்டியருகே நிற்பவன் நான். நாங்கள் திறந்துவிடும் நீர் சாக்கடை வழியே பழையாற்றில் சேர்ந்து, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலில் கலக்கிறது. ஒவ்வொரு முறையும் மனம் கூசித்தான் திறந்துவிடுகிறேன்.

ஒளிபட்டால் சாயத்தைச் சிதைக்கும் கலவைப் பொருள்களைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறேன். 1972இல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டியதில் தொடங்கிய துறை இது. அந்த டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. வெயிலில் ஏறத்தாழ 5 விழுக்காடே உள்ள புறஊதா ஒளி மட்டும்தான் டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பயன்படும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உள்வாங்கும் கார்பன் நைட்ரைடு போன்றவற்றை அதனோடு சேர்க்கிறார்கள்.

ஆனால் பல கட்டுரைகள், காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைச் சிறிதளவு கரைத்து, நிறம் எத்தனை விழுக்காடு மறைந்தது என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. எங்கள் தொட்டி நீர் அப்படிப்பட்டதன்று. சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பைக் கொட்டுகிறோம். பிடிப்பதற்குச் சலவைச் சோடா சேர்க்கிறோம். நூற்கழியை மூன்றாம் முறை அலசிப் பிழியும்போதும் விரலிடுக்கில் நீலம் வழிகிறது. ஒளிபட்ட கலவைப் பொருள் நீரில் உண்டாக்கும், எதனோடும் சட்டென வினைபுரியும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள்தாம் சாயத்தைத் தாக்க வேண்டும்; அவற்றில் பெரும்பகுதியை அந்த உப்பின் குளோரைடும் சோடாவின் கார்பனேட்டுமே பறித்துக்கொள்ளும். முதல் தொட்டியின் கருநீல நீரிலோ வெயில் ஆழமாக இறங்குவதே இல்லை.

ஆகவே உங்கள் கலவைப் பொருளை எங்கள் நீரில், எங்கள் வெயிலில், ஆடிச் சாரலில் மேகம் மூடிய நாளிலும் சோதிக்குமாறு வேண்டுகிறேன். நிறம் போனதும் நிறுத்திவிடாதீர்கள். இரு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பால் நிறம் பெறும் அசோ சாயத்தில் அந்தப் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். எஞ்சும் சிதைபொருள்களான அரோமாட்டிக் அமீன்களில் சில, சாயத்தைவிட நஞ்சானவை. நீரில் எஞ்சும் கரிமப் பொருள்களைக் காட்டும் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்பதையும் அளந்து சொல்லுங்கள். தூளைத் தண்ணீரில் அப்படியே கலக்காமல், திரும்ப எடுக்கும்படி மணிகளிலோ கண்ணாடித் தகட்டிலோ படியவைத்துத் தாருங்கள். சாயத்துக்குப் பதிலாக அந்தத் தூள் ஆற்றுக்குப் போகக் கூடாது. கரைந்த உப்பை இந்த ஒளிவழிச் சிதைப்பு நீக்காது என்பதை அறிவேன். அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

உப்பும் நிறமும் குறைந்த மூன்றாம் அலசல் நீரிலிருந்தே தொடங்கலாம். எந்த நாளில் வருவீர்கள் என்று முன்கூட்டிச் சொன்னால், 3 அலசல்களின் நீரையும் தனித்தனிக் குடங்களில் பிடித்து, சேர்த்த உப்பு, சோடா, சாயத்தின் எடையை ஒவ்வொன்றின் மீதும் எழுதி ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வடசேரிச் சாயத் தொழிலாளி ஒருவன்