வெட்டினால் போதாது, வேரையும் எடுங்கள்

வனத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மஞ்சக்கொன்றையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகுக்கும் நிழலுக்கும் என்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த மரம், இன்று முதுமலை, பந்திப்பூர், வயநாடு என மாநில எல்லை பார்க்காமல் பரவிக் கிடக்கிறது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டாயிற்று. வெட்டிய மரம் காகிதக் கூழுக்குப் போகிறது. சந்தோஷம்.

ஆனால் எங்கள் ஊரை ஒட்டிய காட்டில் போன வருடம் வெட்டிய இடத்தை ஒருமுறை வந்து பாருங்கள். ஒற்றை மரம் நின்ற அடிக்கட்டையில் இப்போது பத்துப் பன்னிரண்டு கிளைகள், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. குனிந்து பார்த்தால் ஒரு பிடி புல் இல்லை. நெற்று உதிர்ந்து முளைத்த மஞ்சக்கொன்றைக் கன்றுகள்தான் தரை முழுக்க. பக்கத்திலேயே தேக்கும் வேங்கையும் ஈட்டியும் நிற்கின்றன. அவற்றின் கன்று ஒன்றைக்கூடக் காணோம். புல் இல்லாத இடத்தில் புள்ளிமானுக்கும் காட்டெருமைக்கும் என்ன வேலை? யானைக்குக் கவலையில்லை, எங்கள் ராகிக் காடு இருக்கிறது.

மரத்தை எடுத்துக்கொண்டு கட்டையை விட்டுப்போவதற்குப் பெயர் அகற்றுவது அல்ல, கவாத்து. கன்றை வேரோடு பிடுங்க வேண்டும். பெரிய மரமென்றால் அடியிலிருந்து ஒரு மீட்டருக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ள வேண்டும், நின்றபடியே காயும். இதில் லாரி ஏற்ற எதுவும் மிஞ்சாது என்பது உண்மைதான்.

எங்கள் ஆடு எல்லைக்கல்லைத் தாண்டினால் அபராதம். ஒரு கட்டு விறகுக்கு ஆயிரம் கேள்வி. இந்த மரம் மட்டும் எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் காப்புக்காட்டுக்குள் குடும்பம் நடத்துகிறது. பூக்கிற காலத்தில் வண்டியை நிறுத்தி அதோடு செல்ஃபி வேறு எடுக்கிறார்கள். சரி, அந்த வழக்கை இன்னொரு நாள் பேசலாம். இப்போது கேட்பது ஒன்றுதான்: வேரோடு எடுங்கள். எடுத்த இடத்தில் நம் காட்டுப் புல்லையும் மரங்களையும் வளர்த்து, சில வருடமாவது திரும்பத் திரும்ப வந்து பாருங்கள்.

இளங்கன்றாக இருக்கும்போதே நம் நாட்டு மரமான சரக்கொன்றை எது, மஞ்சக்கொன்றை எது என்று இலையைப் பார்த்துச் சொல்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள், வருவார்கள். மண் ஈரமாக இருக்கும்போதுதான் வேர் முழுசாக வரும். அதனால் இந்த மழைக்காலத்திலேயே வேலையைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காட்டோர ஊர்க்காரன்