மண் தேறும் வரை யார் தாங்குவது? வேளாண் கொள்கை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேளாண் அமைச்சர்களுக்கும், மானியத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மண் பரிசோதனை என் தொழில். உழவர்கள் பையில் கொண்டுவரும் மண்ணை உலர்த்தி, சலித்து, கரிமம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, சத்துகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதிக் கொடுப்பேன். தாளைப் படித்துக் காட்டும்போது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: யூரியாவைக் குறையுங்கள், மட்கு உரத்தைக் கூட்டுங்கள், வைக்கோல், சருகு பரப்பி மண்ணுக்கு மூடாக்குப் போடுங்கள், பயிரை மாற்றி மாற்றி வையுங்கள், நாலைந்து வருஷத்தில் மண் தேறிவிடும். ஒருமுறை ஒருவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “நீங்க சொல்றது சரிதாங்க. மண்ணு தேறுற வரைக்கும் என் கடனை யாரு கட்டுவா?”

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மண் தேறுவது என்றால் என்ன என்பதை நீங்கள் உங்கள் மேசையிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்காக உழுது, வெறும் ரசாயன உரத்தில் ஒரே பயிரை விளைவித்த வயலிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்று. அதே வயலின் வரப்பில், புல் வேரோடிக் கிடக்கும் இடத்திலிருந்து இன்னொன்று. இரண்டையும் மெல்லத் தண்ணீரில் இறக்குங்கள். வயல் கட்டி ஓரமெல்லாம் குமிழி விட்டு, சில நிமிடங்களில் பொலபொலவென உதிர்ந்து அடியில் சேறாகப் படியும். வரப்புக் கட்டி தண்ணீரைக் குடித்துவிட்டு உருக்குலையாமல் இருக்கும். இரண்டும் பத்தடி தூரத்தில் எடுத்த ஒரே மண்தான். வேரும் பூஞ்சை இழைகளும் மண்ணுயிர்களும் கசியவிடும் பசை வரப்புக் கட்டியில் இருக்கிறது, வயல் கட்டியில் இல்லை. பசை இல்லாத மண்ணில் மழை விழுந்தால் துகள்கள் உதிர்ந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். நீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும். ஓடும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கலங்கல் தண்ணீரைக் கீழே கொட்ட மனம் வருவதில்லை.

‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்ற பழமொழியை நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன். அது மாடு இழுத்த ஏருக்குச் சொன்ன சொல். டிராக்டர் ஆண்டுக்கு நாலு முறை புரட்டிப் போட்டு அந்தப் பிணைப்பைக் குலைப்பதற்கு அதைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் யூரியாவுக்கு எதிரி அல்ல. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனிலிருந்து, யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவைச் செய்து காட்டினார். 1913இல் கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். இன்று மனிதகுலத்தில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு அந்த நைட்ரஜனை நம்பி இருக்கிறது. ஆனால் போடும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஏறத்தாழ பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கிணற்றிலும் ஆற்றிலும் சேர்கிறது. இன்னொரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் போகிறது. எடைக்கு எடை பார்த்தால் அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நீங்கள் மூட்டைக்கு மானியம் கொடுக்கும்போது, வீணாகப் போகும் அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

சரி, நிறுத்திவிடலாமா? ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021இல் இலங்கை பார்த்தது. ரசாயன உர இறக்குமதியை அரசு தடாலடியாகத் தடுத்தது. போதிய இயற்கை உரம் கையில் இல்லை, பழகிக்கொள்ள அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதைக் காட்டி, பார்த்தீர்களா, இயற்கை வேளாண்மை சோறு போடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தவறான பாடமாகவே படுகிறது. அங்கே தோற்றது அவசரம். அந்த அவசரத்தின் செலவு முழுவதையும் உழவர் தலையில் இறக்கிவைத்ததுதான் கொடுமை.

இந்தோனேசியா வேறு வழியில் போனது. அங்கே 1970களிலும் 80களிலும் நெல்வயல்களைப் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தின்று தீர்த்தது. பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அரசே ஏற்றுக்கொண்டிருந்தது. தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகியதே தவிரக் குறையவில்லை. அதைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும்தான் முதலில் செத்தன. 1986இல் அதிபர் ஆணையால் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் தெளிக்கத் தடை வந்தது. மானியம் ஒரே அடியாக அல்ல, படிப்படியாகக் குறைந்து 1989 தொடக்கத்தில் நின்றது. அதே ஆண்டு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஒரு பயிர்ப் பருவம் முழுக்க, வாரம் ஒருமுறை, உழவர்கள் வயலில் இறங்கித் தூர் தூராகப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, தெளிக்க வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். பூச்சிக்கொல்லி குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை. தடை மட்டும் அதைச் செய்திருக்காது. தடையோடு கூடவே கற்றுக்கொடுக்கவும் ஆள் நின்றார்கள்.

சில இடங்களில் பணம்கூட வேண்டாம், ஒரு விதியைத் தளர்த்தினாலே போதும். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் வயலில் நிற்கும் மரம் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை இருந்தது. வளர்த்தவர் வெட்டினால் தண்டனை. பிறகு யார் தளிரை விட்டுவைப்பார்கள்? உழும்போதே அழித்துவிடுவார்கள். 1980களிலிருந்து அந்தக் கெடுபிடி தளர்ந்தது. மண்ணுக்கடியில் உயிரோடு கிடந்த அடிக்கட்டைகளிலிருந்து வந்த தளிர்களை உழவர்கள் கவாத்துச் செய்து காத்தார்கள். யாரும் நாற்று நடாமலே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. குத்தகை நிலத்துக்கும் இதே கணக்குதான். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர், ஐந்தாண்டு கழித்துப் பலன் தரும் மட்கை எதற்காக இடுவார்?

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது. சொட்டுநீருக்கு மானியம் கொடுத்ததும் கடமை முடிந்தது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். நிலத்தடியிலிருந்து எடுக்கும் அளவுக்கு வரம்பு இல்லாத இடத்தில், மிச்சமான நீரில் இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்துப் பயிரிடுவார்கள், அல்லது அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறுவார்கள். வயலில் சிக்கனம் நடந்திருக்கும், நீர்மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் விட்டுவைக்கும் நீரைப் பக்கத்துக் கிணற்றுக்காரர் இறைத்துவிடுவார் என்றால் யார்தான் விட்டுவைப்பார்கள்? ஆளுக்கு இவ்வளவு என்று எல்லோரும் கூடி வகுத்து, அளவுமானி வைத்து, மீறுபவரைத் தட்டிக்கேட்கும் அதிகாரத்தை அந்தப் பாசனக் குழுவிடமே கொடுத்தால்தான் சொட்டுநீர் நீரை மிச்சம் பிடிக்கும்.

இனி, நான் கேட்பதைச் சொல்கிறேன். உர மூட்டைக்குப் போகும் பணத்தை ஆண்டுக்குக் கொஞ்சமாக, முன்கூட்டியே அறிவித்து, மண்ணைத் தேற்றும் உழவரின் கைக்கு மாற்றுங்கள். மாறத் தொடங்கும் நாளிலிருந்து ஐந்தாண்டுக்கு, விளைச்சல் எவ்வளவு குறைகிறதோ அந்த இடைவெளியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஐந்தாண்டும் பயிர்க்கடனுக்குத் தவணை நீட்டிப்பு வேண்டும். காப்பீடு ஒற்றைப் பயிருக்கு மட்டும் என்றிருந்தால் ஊடுபயிரையும் சேருங்கள். குத்தகைதாரர்களை விட்டுவிடாதீர்கள். இது நடக்காத காரியம் அல்ல. 1930களில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதிப்புயலாக எழுந்து தலைநகர் வரை போன பிறகு, 1935இல் அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டே, மண்ணைக் காக்கும் பயிரை வைத்த உழவருக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. புழுதி வாசலுக்கு வந்த பிறகு செய்ததை நீங்கள் வருவதற்கு முன்பே செய்யலாம்.

கூடவே, ஆண்டு அறிக்கையில் எத்தனை டன் விளைந்தது என்ற பத்திக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் சேருங்கள்: மண்ணின் கரிமம் ஏறியதா இறங்கியதா, நீர்மட்டம் ஏறியதா இறங்கியதா. அளக்க என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

சட்டைப்பையில் தாளோடு போனவர் அடுத்த விதைப்புக்கு முன்னால் மறுபடி மண் கொண்டுவருவார். அதற்குள் அவருக்குச் சொல்ல ஏதாவது எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றும் ஒருவர்